வரைபடத்தின் ஓரத்தில் ஒரு மலை

எங்கள் சித்தப்பாவுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கறுப்பு கிரானைட் குவாரிகளில் 18 வருஷம் வேலை பார்த்தவர். செல்போனில் வழிகாட்டும் மேப்பைத் திறந்தாலே, "அத மூடு, டீக்கடையில கேட்டா சொல்வாங்க" என்பார். அவரிடம்தான் நான் என்னுடைய முதல் நிலவியல் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

திருவண்ணாமலையில் நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு மடிப்புத் தாள் தயாரித்திருந்தோம். கிரிவலம் என்று 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கிறவர்களில் பத்துப் பேருக்காவது 'இது என்ன கல்?' என்று தோன்றாதா என்ற ஆசை. முன்பக்கம் எளிய கட்டுரை. பின்பக்கம் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் காட்டும் நிலவியல் வரைபடம். மொத்தம் 300 பிரதி.

சித்தப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருந்த சின்னச் சின்னக் கட்டங்களில் விரலை வைத்தார்.

"இன்னாடா இது, எங்க கல்லு எங்க?"

"இதோ இருக்கு பாருங்க சித்தப்பா, டோலரைட்னு. அதுதான் உங்க கருப்பு."

"அதுக்கு மேல ஒண்ணு போட்டுருக்கியே?"

"அது சார்னகைட்."

"மேல போட்டா புதுசா, பழசா?"

"மேல இருக்கறது புதுசு. கீழ போகப் போகப் பழசு."

"அப்ப தப்பா போட்டுருக்கடா. கருப்புதான் மத்த கல்ல வெட்டிக்கினு போவும். வெட்டிக்கினு போறது அப்புறம் வந்ததுதான?"

அவ்வளவுதான். நான் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த படத்தை அவர் அரை நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டார். அந்தக் கட்டங்களை நான் செய்யவில்லை என்பதுதான் விஷயம். மென்பொருள் செய்தது. நான் ஒரு பட்டனை அழுத்தினேன்.

*

வரைபடத்தின் ஓரத்தில் இந்த நிறம் இன்ன கல், இந்தக் கோடு இன்ன பிளவு என்று சொல்லும் பட்டியலுக்கு லெஜண்ட் என்று பெயர். குறிவிளக்கம் என்று தமிழில் சொல்லலாம். இந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'படிக்கப்பட வேண்டியவை' என்று அர்த்தம். புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைத் திருநாட்களில் படித்ததால் அந்தக் கதைகளுக்கும் இதே பெயர் வந்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் புராணக் கதைக்கும் வரைபடக் குறிப்புக்கும் ஒரே சொல்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது வேடிக்கையான பொருத்தம். அருணாசலத்தைப் பற்றித் தலபுராணம் சொல்கிறவர்கள் நாலு யுகக் கணக்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கிருத யுகத்தில் நெருப்பு மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபர யுகத்தில் பொன் மலை, கலியுகத்தில் கல் மலை. இதை ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதிப் பாருங்கள். காலம் ஒரு பத்தி, பொருள் ஒரு பத்தி. நிலவியல் லெஜண்டின் அமைப்பே இதுதான். பழையது அடியில், புதியது உச்சியில். சாலை வரைபடத்தின் குறிப்பில் ரயில்பாதை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். நிலவியல் வரைபடத்தில் அப்படி இல்லை. அங்கே வரிசைதான் வரலாறு.

(நெருப்பு மலை என்றதும், 'அது அணைந்துபோன எரிமலை' என்று ஊரில் சிலர் அறிவியல் சாயம் பூசுவார்கள். எரிமலை இல்லை. இந்த வட்டாரத்தின் அடிப்படைக் கற்கள் பூமியின் ஆழத்தில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால் வெளியே வந்தவை.)

இந்த வரிசைக்கான விதிகளை மனிதர்கள் மெதுவாகத்தான் கண்டுபிடித்தார்கள். அடுக்கில் கீழே இருப்பது முன்னால் படிந்தது என்பதை ஸ்டெனோ 1669இல் எழுதினார். ஒரு கல்லை வெட்டிக்கொண்டு போகும் கல் அதைவிடப் பிந்தையது என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் பாறைகளைக் காட்டி வாதிட்டார். என் சித்தப்பா ஹட்டனைக் கேள்விப்பட்டதில்லை. குவாரியில் அவர் பார்த்தது அதே காட்சி.

1815இல் வில்லியம் ஸ்மித் என்ற நில அளவையாளர் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பிரம்மாண்டமான நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நிறம் தீட்டினார்கள். ஒவ்வொரு அடுக்கின் அடிவிளிம்பிலும் நிறத்தை அழுத்தமாகத் தீட்டி, மேலே போகப்போக வெளிறவிட்டார். எந்த அடுக்கு எதன்மேல் கிடக்கிறது என்பதை நிறமே சொல்லிவிடும்.

பிறகு ஒவ்வொரு நாடும் இஷ்டத்துக்கு நிறம் தீட்ட ஆரம்பித்தது. ஒருவருடைய பச்சை இன்னொருவருக்கு வேறு காலம். 1881இல் இத்தாலியின் போலோன்யா நகரில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாடு இதற்கென்றே நேரம் ஒதுக்கியது. ட்ரயாசிக் காலத்துக்கு ஊதா, ஜுராசிக்குக்கு நீலம், கிரெட்டேஷியசுக்குப் பச்சை, அதற்குப் பிந்தையதற்கு மஞ்சள், பழைய படிகப் பாறைகளுக்கு ரோஜா நிறம் என்று ஒரு பொது ஒழுங்கு அங்கேதான் உருவானது. இன்றைய சர்வதேச நிறப் பட்டியல் இதன் வாரிசு. அதன்படி தமிழ்நாட்டைத் தீட்டினால் அரியலூர்ப் பக்கம் கொஞ்சம் பச்சை வரும், கடற்கரையோரம் மஞ்சள் வரும், மீதிப் பெரும்பகுதி ரோஜா. நாம் அவ்வளவு பழைய நிலத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

*

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் இருவரும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு மாவட்டங்களின் சில பகுதிகளைப் பற்றிய அறிக்கையை 1864இல் வெளியிட்டார்கள். அன்று திருவண்ணாமலை தென்னாற்காட்டில்தான் இருந்தது. இந்த ஃபூட்தான் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்துக்கு முதல் சான்று காட்டியவர்.

அதே பல்லாவரம், பரங்கிமலைக் கல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கல்கத்தாவை நிறுவியவராக அந்தக் காலத்தில் கொண்டாடப்பட்ட ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல் மெட்ராஸிலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதி, அந்த வகைப் பாறைக்குச் சார்னக்கின் பெயரையே வைத்தார். சார்னகைட். பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் கிடந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயரோடு உலக லெஜண்ட்களில் ஏறியது இப்படித்தான்.

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் இதை எந்த வரிசையில் வைப்பது? ஹாலண்ட் இதை உருகி உறைந்த பாறை என்று நினைத்தார். பின்னால் வந்தவர்களில் பலர், வேறு பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியே இது உருவானது என்றார்கள். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல் என்ற இடத்திலிருந்து ஒரு காட்சியை 'நேச்சர்' இதழில் எழுதினார். வரிவரியாக இருக்கும் நைஸ் பாறைக்குள்ளேயே அங்கங்கே திட்டுத் திட்டாகச் சார்னகைட் உருவாகியிருக்கிறது. அங்கே நைஸ் மூத்தது, சார்னகைட் இளையது. வேறு இடங்களில் இதற்கு நேர்மாறாக, சார்னகைட் நீர் ஏறி மாறி நைஸ் ஆகியிருப்பதாகவும் காட்டியிருக்கிறார்கள். ஒரே இரண்டு கட்டங்கள். ஊருக்கு ஊர் மேல் கீழாக மாறுகின்றன.

லெஜண்டில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றுவது அலங்கார வேலை இல்லை, ஒரு தரப்பு வாதத்தை ஏற்பது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

*

இனி நான் அழுத்திய பட்டன்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் வரைபடத் தரவுகள் கிடைக்கின்றன. இறக்கி, க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கி, இன்று உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்க்கும் மென்பொருள் அது. நிலப்பரப்பு பலகோணத் துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டவணை வரி, அதில் கல்லின் பெயர். பெயர் வாரியாகப் பிரி என்று சொன்னால், மென்பொருள் அந்தப் பத்தியில் இருக்கும் வெவ்வேறு பெயர்களைத் திரட்டி, ஆளுக்கொரு நிறம் கொடுத்துவிடும். அச்சுத் தாளில் லெஜண்டைச் சேர் என்றால் கட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். வரைபடத்தில் தெரிகிற கற்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதியும் உண்டு. கையால் செய்தால் ஒரு நாள் வேலை. பத்து நொடியில் முடிந்தது.

அந்த வரிசை ஆங்கில அகரவரிசை. நிறம் குலுக்கல் முறை. சார்னகைட்டுக்குக் கிளிப்பச்சை விழுந்தது. போலோன்யாக்காரர்கள் பார்த்தால் திருவண்ணாமலையில் டைனோசர் காலப் படிவுகள் என்று நினைத்திருப்பார்கள். நிறத்தையாவது நானே மாற்றினேன். வரிசையைக் கவனிக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆற்று வண்டலுக்கு ஆங்கிலப் பெயர் 'ஏ' எழுத்தில் தொடங்குவதால் அது உச்சியில் வந்து உட்கார்ந்துவிட்டது. வண்டல்தான் உண்மையிலேயே ஆக இளையது! மேலே இருந்த கட்டம் சரியாக இருந்ததால் கீழே உள்ளவையும் சரி என்று நம்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தது சார்னகைட். இந்தப் பக்கத்துச் சார்னகைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மூன்றாவது டோலரைட். சார்னகைட்டையும் நைஸையும் விரிசல் வழியே வெட்டிக்கொண்டு மேலேறி, கறுப்புச் சுவர்களாக உறைந்தது. டைக் என்பார்கள். அதைத்தான் அறுத்து, பாலிஷ் போட்டு, 'கறுப்பு கிரானைட்' என்ற வியாபாரப் பெயரில் வெளிநாட்டுக் கல்லறைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நிலவியல்படி அது கிரானைட்டே இல்லை.

இதை நன்றாகச் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2020இல் ஜெம்ஸ் என்ற தரவு ஒழுங்கை வெளியிட்டது. அதில் பாறை அலகுகளுக்கென்று தனி அட்டவணை கட்டாயம். சுருக்கக் குறி, முழுப்பெயர், வயது, விளக்கம், நிற எண் எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு வரிசைச் சாவி: 01-02-03 என்பது போல. முதல் எண் பெரிய குழு, அடுத்தது உட்குழு, அடுத்தது அலகு. இந்தச் சாவி இருந்தால் போதும், மென்பொருள் வயது வரிசையில் அடுக்கி, தலைப்பு போட்டு, விளக்கத்தோடு அச்சுக்குத் தயாரான ஆவணமாகவே தந்துவிடும். படத்தில் இருக்கும் அலகு பட்டியலில் இல்லை என்றால் பிழை காட்டும். பட்டியலில் இருப்பது படத்தில் இல்லை என்றாலும் காட்டும். ஒரே கல்லின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால் பிடித்துவிடலாம். இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. வரைபடத் தாள்களைப் பிரிக்கும் 12 பாகை 15 கலை அட்சக்கோடு எங்கள் மலையின் வடபுறத்திலேயே போகிறது. இரண்டு தாள்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குழு வரைந்திருந்தால், ஒரு எழுத்து வித்தியாசம் போதும், ஒரே மலைக்கு லெஜண்டில் இரண்டு கட்டம் வந்துவிடும்.

ஆனால் அந்தச் சாவியில் எண் போடுவது யார்? கருவி போடாது. பாறை எதை வெட்டுகிறது, எதன்மேல் கிடக்கிறது என்று வெயிலில் நின்று பார்த்த ஒருவர் போடவேண்டும். என் தரவில் அந்தப் பார்வையின் தடம் வயது என்ற பத்தியில் இருந்தது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கருவியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் வாரியாகப் பிரி என்றேன், பிரித்தது.

*

வரிசைப் பிழையைச் சித்தப்பா கண்டுபிடித்தார். இன்னொரு பிழையை யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது, கவுத்திமலைப் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைக்காமல் இருந்திருந்தால்.

கவுத்திமலையும் வேடியப்பன் மலையும் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருப்பவை. இரண்டிலும் மேக்னடைட் குவார்ட்சைட் என்ற கல் பட்டைகளாக ஓடுகிறது. இரும்புத் தாது. ஏதோ ஒரு ஆதிக்கடலின் அடியில் படிந்த இரும்பும் சிலிக்காவும் பின்னால் வெந்து உருமாறியது. 2000களில் டிட்கோவும் ஜிண்டால் நிறுவனமும் கூட்டாக இங்கே சுரங்கம் தோண்டத் திட்டமிட்டன. சுமார் 325 ஹெக்டேர் காப்புக்காடு போயிருக்கும். சுற்றுவட்டார கிராமங்கள் எதிர்த்தன. சூழலியலாளர்களும் விவசாயிகளும் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, எங்க மலையில இரும்பே இல்லன்னு போட்டுட்டீங்களே?"

போட்டிருந்தேன். அச்சில் படம் சுத்தமாகத் தெரியவேண்டும் என்று குறிப்பிட்ட பரப்புக்குக் குறைந்த துண்டுகளை எல்லாம் பக்கத்துத் துண்டோடு இணைத்துவிட்டிருந்தேன். இரும்புப் பட்டைகள் ஒல்லியானவை. 1:2,50,000 அளவில் வரைந்தால் ஒரு மில்லிமீட்டர் என்பது 250 மீட்டர். 50 மீட்டர் அகலப் பட்டை அதில் மயிரிழை. பழைய வரைபடக்காரர்கள் இப்படிப்பட்ட முக்கியமான பட்டையை, பொய் என்று தெரிந்தே, கொஞ்சம் தடிமனாக வரைவார்கள். நான் அழித்தேன். படத்தில் இல்லாததால் லெஜண்டிலிருந்தும் அது தானாகவே போய்விட்டது. படமும் பட்டியலும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. எந்தச் சோதனைக் கருவியும் இதைப் பிழை என்று சொல்லாது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. ஒரு வகையில நல்லதுதானே, இரும்பு இல்லன்னா யாரும் வரமாட்டாங்க" என்று சமாளித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நம்ம மேப்புல இல்லன்னா அவங்க மேப்புல இருக்காதா தம்பி? அவங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் தெரியணும். அப்பதான் கூட்டத்துல எழுந்து பேச முடியும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு படிக்கும்போது தெரிந்தது. 2022இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுப் போட்டி ஒன்று நடத்தியது. பழைய நிலவியல் வரைபடங்களின் படங்களைக் கொடுத்து, லெஜண்டில் ஒரு கட்டத்தைக் காட்டினால், அந்தக் கல் படத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று இயந்திரம் தானே கண்டுபிடிக்க வேண்டும். நோக்கம், முக்கியக் கனிமங்களை வேகமாகத் தேடுவது. நாம் படத்திலிருந்து லெஜண்டைத் தயாரிக்கிறோம். அங்கே லெஜண்டிலிருந்து படத்தைப் படிக்கிறார்கள். இனிமேல் ஓரத்தில் இருக்கும் ஒரு வரியை மனிதர் யாரும் பார்க்காமலேயே, அதிலிருந்து ஒரு மலையின் கணக்கு தொடங்கலாம். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது மலையடிவாரத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். எங்கள் 300 தாள்களில் தெரியாதபடி செய்து வைத்திருந்தேன்.

*

மறுபடி அச்சடிக்கக் காசில்லை. பழைய லெஜண்டின் மேல் ஒட்டுவதற்கு 300 துண்டுச் சீட்டுகள் அச்சடித்தோம். இந்த முறை கல் வாரியாக நானே ஒரு அட்டவணை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், வரிசை எண். உச்சியில் வண்டல். அடுத்து டோலரைட், அடைப்புக்குறியில் 'கருப்பு'. அதற்குக் கீழே கிரானைட். ஆக அடியில் மேக்னடைட் குவார்ட்சைட். படத்தில் கவுத்திமலையின் மேல் அந்தப் பட்டையைச் சிவப்பு மையில் 300 தடவை கையால் இழுத்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாக.

நடுவில் சார்னகைட்டும் நைஸும் மட்டும் இடித்தன. அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் எழுத முடியும். ஏதாவது ஒன்றை மேலே போட்டால், நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதாகும். நிலவியலாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எது மூத்தது என்று தீர்மானமாகாத இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். மென்பொருள் தந்த பட்டியலை உடைத்து, அந்த இரண்டு கட்டங்களை மட்டும் கையால் இழுத்து அருகருகே வைத்தேன்.

சித்தப்பா கோந்து டப்பாவோடு உதவிக்கு வந்திருந்தார். முதல் சீட்டை ஒட்டிவிட்டு விரலால் மேலிருந்து கீழே ஒரு முறை தடவிப் பார்த்தார். அருகருகே இருந்த கட்டங்களில் விரல் நின்றது.

"இது ரெண்டுல எதுடா மூத்தது?"

"அது இன்னும் சண்டையில இருக்கு சித்தப்பா."

"சரி, அப்ப அப்படியே இருக்கட்டும்" என்று அடுத்த சீட்டை எடுத்தார்.